காலை பஸ்ஸுக்கு ஒரு மரண அறிவிப்பு

அடுத்த மாதம் முதல் காலை பஸ் கிடையாது என்று தெரிந்ததும் ருமேனா நேராக நகரசபை அலுவலகத்துக்குப் போனாள். சன்னலுக்குப் பின்னால் இருந்த இளம்பெண் அலுத்துக்கொள்ளாமல் வழி சொன்னாள்.

"மனு எழுதுங்க. ஊர்ல இருக்கறவங்க பேரு, முகவரி, கையெழுத்து. கொண்டு வந்தா பதிவு பண்ணிக் கூட்டத்துல வைப்போம். நீங்களும் வந்து பேசலாம். ஆனா தனியா கையெழுத்துப் போட்டுட்டு வராதீங்கக்கா, சும்மா படிச்சுட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுவாங்க."

ருமேனாவுக்கு நகரத்துப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது மதியம்தான். அது நின்றால் நகரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்க வேண்டும், ஓரெஷ்னாவில் வீட்டைப் பூட்ட வேண்டும். பால்கன் மலையடிவாரத்து அந்த ஊரில் பூட்டிய வீடுகளுக்குப் பஞ்சமில்லை. முதல் குளிர்காலத்தில் ஓடு சரியும், அடுத்ததில் கூரை இறங்கும். தன் வீட்டை அந்த வரிசையில் வைத்து நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மனுவை கெஞ்சோவின் மளிகைக் கடையில் வைத்தாள். விவரத்தை எழுதி பஸ் நிறுத்தத்தில் ஒட்டினாள். ஒரு வாரம் ஆகியும் தாளில் அவள் பெயர் மட்டுமே இருந்தது.

"எங்கப்பா வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் கையெழுத்துப் போட்டாரு, அரசாங்கக் கூட்டுப்பண்ணையில சேர" என்றார் கெஞ்சோ. "மறுநாள் ரெண்டு மாட்டையும் ஓட்டிட்டுப் போயிட்டாங்க. இந்த ஊர்ல யாரும் பேனாவைத் தொட மாட்டாங்க, ருமேனா."

"நீங்களாவது போடுங்கண்ணே."

"எங்கிட்ட மாடு இல்ல. குடு, போடறேன்."

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒன்றைக் கவனித்தாள். அவளுடைய தாளுக்குப் பக்கத்தில், குளிர்காலத்தில் இறந்துபோன பென்யோவின் நாற்பதாம் நாள் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கறுப்புக் கட்டம், புகைப்படம், சிலுவை. பக்கத்து வீட்டு தோத்தா பால் பாத்திரத்தைக் கீழே வைத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கடைசி வரிவரை அதைப் படித்தாள். பென்யோவின் சாவுக்கு வந்தவர்களுக்கு வழக்கப்படி கொடுக்கும் கோதுமையை வேகவைத்தவளே அவள்தான். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நடந்தாள். பக்கத்துத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று வேலை முடிந்ததும் ருமேனா ஈமச்சடங்குக் கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரர் அசென் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு எழுந்தார்.

"யாரும்மா?"

"காலை பஸ்."

அசென் உட்கார்ந்தார். அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சோகம் போய்விட்டது.

"வயசு?"

"எனக்குத் தெரிஞ்சு முப்பது வருஷமா ஓடுது."

"சிலுவை போடவா, சாமி கும்பிடாதவங்களுக்குப் போடற இலை போடவா?"

"அது எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போகும். ஒரு சக்கரம் போடுங்க."

புகைப்படம் இருக்கும் இடத்தில் பஸ்ஸின் படம் வந்தது. கீழே அச்சடித்திருந்தது: 'எங்கள் அன்புக்குரிய காலை பஸ் வரும் மாதம் முதல் தேதி நம்மை விட்டுப் பிரிய இருக்கிறது என்பதை ஆழ்ந்த துயரத்துடன் தெரிவிக்கிறோம். இன்னும் உயிர் இருக்கிறது. காப்பாற்ற நினைப்பவர்கள் கெஞ்சோ கடையில் கையெழுத்திடவும்.'

பஸ் நிறுத்தம், தேவாலயக் கதவு, பொதுக்கிணறு, மூன்று இடங்களிலும் ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அடுப்பைப் பற்றவைப்பதற்குள் யாரோ கதவை இடித்தார்கள். தோத்தா.

"புத்தி இருக்காடி உனக்கு? உயிரோட இருக்கறதுக்கு சாவுத்தாள் ஒட்டுவாங்களா? நெசமாவே போயிடும்டி! அதுல போற டிரைவர் பையனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

ருமேனா தீப்பெட்டியைக் கீழே வைத்தாள். இந்த யோசனை அவளுக்கு வரவே இல்லை. "கிழிச்சுடறேன்க்கா, இப்பவே போய்."

"கிழிச்சா இன்னும் கெட்டது! அதான் போட்டிருக்கியே, உயிர் இருக்குன்னு. காப்பாத்தித்தான் தீரணும். பேனா எங்க?"

"கெஞ்சோ அண்ணன் கடையில."

"உன் நகரசபைக்காக நான் போடல, ஆமா. தோஷம் கழியணும்னு போடறேன்."

தோத்தா தனியாகப் போகவில்லை. வழியில் இருந்த கதவுகளையெல்லாம் தட்டிக்கொண்டே போனாள். அன்று இரவுக்குள் முதல் தாள் நிரம்பியது. கெஞ்சோ பின்பக்கத்தில் கோடு போட்டுக் கொடுத்தார்.

காலையில் ஓட்டுநர் மீத்கோ எஞ்சினை அணைக்காமல் இறங்கி, தன் பஸ்ஸின் மரண அறிவிப்பை நின்று படித்தான்.

"என்னையும் சேர்த்துப் புதைச்சுட்டீங்களேக்கா!"

"கோபமா தம்பி?"

"படம்தான் சரியில்ல. முன்விளக்கு உடைஞ்சிருந்தப்ப எடுத்தது. இன்னொரு தாள் இருக்கா?"

அதை பஸ்ஸின் முன்கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டான். வழியில் இருந்த இரண்டு ஊர்களிலிருந்தும் கையெழுத்துத் தாள்கள் அவன் கையிலேயே வந்து சேர்ந்தன.

நகரசபைக் கூட்டத்தில் தலைவி டோச்கோவா மனுவைப் படித்தார். இணைத்திருந்த அறிவிப்பைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். மூலையில் இருந்த உறுப்பினர் ஒருவர் சிரிக்கவில்லை.

"கையெழுத்து நிறைய இருக்கு. சீட்டுல ஆள் இல்லையே. காலி பஸ்ஸுக்கு எவ்வளவு நாள் மானியம் குடுக்கறது?"

ருமேனா எழுதி வைத்திருந்ததைப் பையில் தேடினாள். கிடைக்கவில்லை. தேடுவதை விட்டுவிட்டு எழுந்தாள்.

"உங்க பிள்ளைங்களுக்கு மதியச் சாப்பாடு நான்தான் சமைக்கிறேன். அந்த பஸ்ல வந்துதான் அடுப்பைப் பத்தவைக்கிறேன். சீட்டு காலின்னு நீங்க சொல்றது பொய் இல்ல. ஆனா ஆளை எண்ணித்தான் பஸ்ஸை ஓட்டறீங்கன்னு எங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா?" என்றார் தலைவி.

"ஏறியிருப்போம்மா."

வாக்கெடுப்பில் இரண்டே வாக்கு வித்தியாசத்தில் மூன்று மாத அவகாசம் கிடைத்தது. அதுவரை தினமும் பயணிகளை எண்ண வேண்டும், பிறகு மறுபடி பேசலாம் என்று முடிவானது. இதை ஊருக்குச் சொல்லும்போது ருமேனாவுக்கு உற்சாகம் வரவில்லை. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் எவ்வளவு குறைவு என்பது அவளுக்குத் தெரியும்.

முதல் தேதி காலை மூடுபனிக்குள் நிறுத்தத்துக்கு நடந்தாள். அங்கே ஏற்கனவே கூட்டம். கெஞ்சோ கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். தோத்தா பண்டிகைக் கோட்டும் உதட்டுச் சாயமுமாக நின்றாள்.

"எங்கக்கா கிளம்பிட்டீங்க?"

"எங்கயும் இல்ல. ஒரு காபி குடிச்சுட்டு மத்தியான பஸ்ல திரும்பிடுவேன். நாளைக்குக் கிணத்தடி வீட்டுக்காரங்க முறை. வாரம் முழுசுக்கும் ஆள் பிரிச்சாச்சு."

பஸ் வந்தது. மீத்கோ கதவைத் திறந்து, வரிசையைப் பார்த்துவிட்டுத் தொப்பியைப் பின்னால் தள்ளினான்.

"ஒவ்வொருத்தரா ஏறுங்க, எண்ணணும்" என்றான். ருமேனா ஏறியபோது உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே நகரத்துக்குப் போனாள்.