கோல்கீப்பருக்குப் பாடிய நலங்கு

எங்கள் ஊர்க்காரர்கள் கால்பந்து பார்க்கிற அழகைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அருப்புக்கோட்டை மைதானத்துக்கு ஆயிரம் பேர் வருவார்கள். வந்து, கடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, எழவு வீட்டு வாசலில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் கோல் போட்டால் நாலு கைதட்டு. எதிராளி போட்டாலும் அதே நாலு கைதட்டு. "நல்லா அடிச்சான்ல?" என்று பக்கத்தில் இருப்பவனிடம் நியாயம் வேறு பேசுவார்கள். நான் கோல்கீப்பர். பந்து என்னைத் தாண்டி வலைக்குள் போகும்போது சொந்த ஊர்க்காரன் கைதட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் நவநீதகிருஷ்ணன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கயிறு, சாக்கு, வாளி விற்கிற கடை. 1988-ல் எங்கள் வெற்றிவேல் கால்பந்துக் கழகத்துக்குச் செயலாளர், கேப்டன், கோல்கீப்பர் மூன்றும் நானே. கோல் வலைகூட என் கடைக் கயிற்றில் பின்னியதுதான். வெளியூர்க்காரர்கள், "ஒங்க ஊர்ல ஆடுறது எங்க வீட்டுக் கொல்லையில ஆடுற மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மானம் போன பிறகு கோப்பை எதற்கு?

முதலில் எங்கள் கோச் ஞானையா சாரிடம் சொன்னேன். அவர் வேதக்கோயிலில், அதாவது சர்ச்சில், பாடகர் குழுவை நடத்துகிறவர். ஒரு பாட்டு எழுதி, தாளில் அடித்து, கூட்டத்துக்கெல்லாம் கொடுத்து, கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். ஜனம் அந்தத் தாளில் கடலையைக் கொட்டித் தின்றது. சார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கோயில்ல எந்திரிச்சுப் பாடுங்கன்னா பாடுறாக. இங்க எந்திரிச்சாலே வீட்டுக்குப் போயிர்றாக" என்றார்.

அடுத்து ஒரு மேள செட்டைப் பேசிக் கொண்டுவந்தேன். வழியில் போனவர்கள் எல்லாம் நின்று, யாருக்கு ஓட்டுக் கேட்கிறார்கள் என்று விசாரித்தார்கள்.

அப்போதுதான் ஒரு கல்யாண வீட்டில் யோசனை வந்தது. நலங்கு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையையும் பெண்ணையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பெண்வீட்டுப் பெண்கள் கேலி பாடுவார்கள் அல்லவா, மாப்பிள்ளை மூக்கு நீளம், மாமியார் நாக்கு நீளம் என்று? அன்றைக்குப் பாடியவள் என் தங்கை பிருந்தா. அவள் ஒரு வரி எடுத்துக்கொடுக்க, கூடியிருந்த ஐம்பது பேரும் பிடித்துக்கொண்டார்கள். பட்டதாரி மாப்பிள்ளை, பாவம், சந்தனக் கிண்ணத்தைக் கைதவறிக் கவிழ்த்துவிட்டான். எனக்கு உடனே வெளியூர்க் கோல்கீப்பர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பிருந்தாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு இருபத்தாறு வயது. அவளுக்கு வந்த ஜாதகங்கள் எதுவும் பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்று சொன்னது நான்தான். ஜோசியரிடம் காட்டினேனா என்று யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ஏழு ஜாதகமும் கடை மேஜையின் டிராயரில், பழைய ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தன. ஏழாவதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு அவள் கடையில் உட்கார்ந்தால்தானே ஐந்து மணிக்கு நான் மைதானத்தில் நிற்க முடியும்? இன்னும் ஒரு வருஷம், இந்தக் கோப்பையை ஜெயித்துவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மைதானத்தில் வந்து பாடுகிறாயா என்று கேட்டதும் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கயிற்றை முழம்போட்டுக்கொண்டே கேட்டாள்.

"காரியாபட்டிக்காரவுக எப்பண்ணே ஆட வாராக?"

"கடைசியா. மாசியில. எதுக்கு?"

"சும்மாதான். கடைய அடைச்சுட்டு வாரேன், பாடுறேன்."

அட, என் தங்கைக்கும் கால்பந்தில் ஆர்வம் வந்துவிட்டதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வடக்குக் கோலுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் பக்கத்து வீட்டுக் குருவம்மாள் அக்காவோடு சேர்த்து எட்டுப் பெண்கள் உட்கார்ந்தார்கள். "பொம்பளைகளுக்கு மைதானத்துல என்ன சோலி?" என்று நாலு பெரிசுகள் முனகின. ஆட்டம் தொடங்கியது. எதிரணிக் கோல்கீப்பர் வடக்கே நின்றான். பிருந்தா எடுத்தாள்:

"பந்தைப் பிடிப்பாராம் மாப்பிள்ள – வீட்டுல
பானையும் பிடிக்கலையாம் மாப்பிள்ள
கையில வெண்ணெயா மாப்பிள்ள – இல்ல
கண்ணுல தூசியா மாப்பிள்ள?"

அவன் திரும்பிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து எங்கள் அணியின் ஆலன் அடித்த பந்து வலைக்குள் போய் விழுந்தது. பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஆயிரம் பேரும் பொட்டலத்தைப் போட்டுவிட்டு எழுந்து, "கையில வெண்ணெயா மாப்பிள்ள?" என்று பாடினார்கள். முனகிய பெரிசுகளுக்குத்தான் தொண்டை அதிகம். தெற்குக் கோலில் தனியாக நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு எங்கள் மைதானத்துக்கு வரவே மற்ற ஊர்க்காரர்களுக்குப் பயம். பாலவனத்தம், மல்லாங்கிணறு, யார் வந்தாலும் அவர்கள் கோல்கீப்பருக்கு நலங்கு நிச்சயம். ஆட்டத்துக்கு ஒரு புதுப் பாட்டு. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் பாடுகிறான், டீக்கடையில் மாஸ்டர் பாடுகிறார்.

மாசியில் காரியாபட்டி அணி வந்தது. அவர்களுடைய கோல்கீப்பர் ஆனந்தகுமார், நெட்டையான ஆள், கூட்டுறவு சொசைட்டியில் வேலை. பிருந்தா பாடினாள். அவன் பந்தைப் பிடித்தான். மறுபடியும் பாடினாள். மறுபடியும் பிடித்தான். பிடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு வேறு. அன்றைக்குப் போல அவள் பாடி நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று நூறு தடவை இருக்கும்.

அப்போது வெளியூர்க்காரர்கள் பக்கத்திலிருந்து ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கணீரென்று பதில் பாடினாள்:

"வெண்ணெ தெரட்டுன கையம்மா – அது
விட்டுக் குடுக்காத கையம்மா
பந்தப் பிடிச்ச எம் மகனுக்கு – ஒங்க
பொண்ணப் பிடிக்கவும் தெரியுமம்மா!"

கூட்டம் விசிலடித்துத் தீர்த்தது. நடுவரே ஊதலை மறந்து நின்றார். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. நல்ல வேடிக்கை என்று நானும் சிரித்துக்கொண்டே வீடு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே அம்மாள் என் வீட்டு வாசலில் நின்றாள். பின்னால் இரண்டு பெண்கள். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம்.

"நான் ஆனந்தகுமாரோட அம்மா சரஸ்வதி, தம்பி. ஊரறிய எம் மகனுக்கு நலங்கு பாடுனீக. நானும் பதில் பாடிட்டேன். இனிமே தட்டு மாத்துறதுதான பாக்கி?"

நான் சிரித்தேன். சிரித்தது நான் மட்டும்தான். அந்த மூன்று பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அது விளையாட்டுக்குப் பாடுனது. வார கோல்கீப்பருக்கெல்லாம் பாடுறதுதான்" என்றேன்.

"மத்த கோல்கீப்பர்களோட அம்மாமாரு பதில் பாடலையே தம்பி."

எதையாவது சொல்லித் தப்பிக்க வேண்டுமே! "ஜாதகம்னு ஒண்ணு இருக்குல்லம்மா? பாக்காம எப்படி?" என்றேன்.

"போன வருசமே தரகர்கிட்டக் குடுத்து விட்டேனே. ஒங்க கையில குடுத்ததாத்தான் சொன்னாரு. பதிலே வரல."

தலையில் இடி இறங்கியது என்றால் அன்றைக்குத்தான் இறங்கியது. நான் பிரித்துப் பார்க்காத அந்த ஏழாவது உறை! அடுப்படி வாசலில் பிருந்தா காப்பித் தம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தாள். அவளை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"வந்து சேரலையேம்மா. தரகரை நம்புனா இப்படித்தான்" என்றேன். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"போகட்டும். புள்ளைக்குச் சம்மதமா?"

பிருந்தா தம்ளரை அவர்கள் முன் வைத்தாள். "இத்தன பேரு முன்னால பாடியாச்சு. இனி மாட்டேன்னு சொன்னா அண்ணனுக்குத்தான மரியாதக் கொறைச்சல்?" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்காகக் கழுத்தை நீட்டுகிறாளே என்று மனசு அடித்துக்கொண்டது.

அவர்கள் போனதும் கடைக்கு ஓடினேன். அந்த உறையைக் கிழித்துப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். டிராயரை இழுத்து, ரசீதுப் புத்தகங்களைத் தூக்கி, ஒவ்வொன்றாக எண்ணினேன். ஆறுதான் இருந்தன. மேஜையைக் கவிழ்த்துத் தட்டினேன். ஆறுதான். எலி இழுத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எலி வந்தால் ஏழையும்தானே இழுத்திருக்கும் என்று வயிறு கேட்டது.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பிருந்தா காரியாபட்டிக்குப் போனாள். அதன் பிறகு நாலு மணிக்குக் கடையில் நானே உட்கார்ந்தேன்; ஆட்டம் உள்ள நாளில் மட்டும் கடையை அடைத்தேன். நல்லவேளை, மைதானத்தில் பாட்டு நிற்கவில்லை. குருவம்மாள் அக்கா எடுத்துக்கொடுக்க, ஊரே பாடியது. அந்த வேகத்திலேயே அடுத்த தை மாதம் கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே காரியாபட்டி. ஆட்டம் எங்கள் மைதானத்தில். இதில் ஜெயித்துவிட்டால் ஐந்து வருஷம் செய்த பாவத்துக்கு ஒரு காரணமாவது மிஞ்சும் என்று இருந்தது எனக்கு.

இரண்டாம் பாதி. நான் தெற்குக் கோலில். இரண்டு பக்கமும் கோல் இல்லை. வடக்கே என் மைத்துனன் ஆனந்தகுமாரை எங்கள் கூட்டம் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது. அப்போது என் முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. திரும்பினால் காரியாபட்டிப் பெண்கள் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் பிருந்தா.

"ஏத்தா, நீ நம்ம பக்கம்ல உக்காரணும்!" என்று கத்தினேன்.

"இப்ப நான் மாப்பிள்ள வீட்டுக்காரிண்ணே" என்றாள். பிறகு எடுத்தாள்:

"ஏழு சாதகம் வந்துச்சாம் – எங்க
அண்ணன் மேசையில தூங்குச்சாம்
மேசையப் பூட்டுன அண்ணாச்சி – இப்பக்
கோலையும் பூட்டுங்க அண்ணாச்சி!"

ஏழு என்கிறாளே! ஆறு அல்ல, ஏழு!

பக்கவாட்டில் இருந்த என் ஊர்க்காரன் ஒருவன் முதலில் சிரித்தான். பிறகு பத்துப் பேர். பிறகு, பாவிகள், மைதானம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. கேலி நன்றாக இருந்தால் யாருக்கும் கைதட்டுகிற ஜனம்தானே! "மேசையப் பூட்டுன அண்ணாச்சி!" என்று ஆயிரம் தொண்டை. ஞானையா சார்கூடத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இவர்களுக்குப் பாடப் பழக்கியது நான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் ஆனந்தகுமார் பந்தைக் கையிலிருந்து போட்டு ஓங்கி உதைத்தான். பந்து மைதானத்தை முழுசாகக் கடந்து வருவதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். காய்ந்த கரிசலில் ஒரு குத்துக் குத்தி எழும்பி, என் இரண்டு கைகளுக்கும் மேலே போய், என் கடைக் கயிற்றில் பின்னிய வலைக்குள் விழுந்தது.

அதுதான் ஒரே கோல். ஆட்டம் முடிந்தும் நான் கோல் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பிருந்தா தண்ணீர்ச் சொம்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்பத்தா பாத்த?" என்றேன்.

"டிராயரத் தொடைக்கிறவ நான்தானண்ணே. ஒவ்வொண்ணும் வந்தன்னைக்கே பாத்தேன்."

"ஒரு வார்த்த என்னையக் கேட்டிருக்கலாம்ல?"

அவள் சொம்பை என் கையில் கொடுத்தாள். கோபமே இல்லை அவள் முகத்தில். அதுதான் என்னைக் கொன்றது.

"ஆறுக்கும் நீங்களா ஒரு பதில் சொல்லுவீகன்னு இருந்தேன். ஏழாவத எடுத்துக்கிட்டுப் போய்ப் பிரிச்சேன். காரியாபட்டி, கோல்கீப்பர்னு போட்டிருந்துச்சு. அதுக்கு நானே பதில் சொல்லிக்கிட்டேண்ணே."

மைதானத்தைத் தாண்டி ரோட்டில் போகிறவர்கள் இன்னும் பாடிக்கொண்டே போனார்கள். அருப்புக்கோட்டையில் அன்றைக்கு வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான்.