எலியாசரின் சட்டை

...ஜனாதிபதி அந்தக் கமிஷனை மூட மாட்டார், அவ்வளவு துணிச்சல் வராது, உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறதே என்கிறாள் பக்கத்து வீட்டு ரெபேக்கா, அவளுக்கென்ன, அவள் பிள்ளை உள்ளே படுத்துத் தூங்குகிறான். ஜனாதிபதி சாயங்காலம் பேசப்போகிறாராம், காலையிலிருந்து ரேடியோ அதையே சொல்கிறது, நல்ல சேதி சொல்கிறவர் இப்படியா தண்டோரா போடுவார்? தமாலுக்குப் பிசைந்த சோளமாவு இறுகிவிட்டது, இன்னும் கொஞ்சம் பன்றிக்கொழுப்பு விட வேண்டும். இருட்டுவதற்குள் வாசலில் சிவப்பு விளக்கைப் போட வேண்டும், விளக்கு எரிந்தால்தான் இந்த வீட்டில் தமால் தயார் என்று தெருவுக்குத் தெரியும், யார் ஆண்டால் என்ன, சனிக்கிழமை தமால் சாப்பிடாமல் இந்த மிஸ்கோ ஊரில் யார் தூங்குகிறார்கள். இலையை விரி, மாவை வை, சிவப்புக் குழம்பு, ஒரு துண்டு கறி, ஓர் ஆலிவ், மடி, நாரால் கட்டு, ஆவியில் வை. கமிஷனிலிருந்து அந்த உருகுவே வக்கீல் முதல் தடவை வந்தபோது இலையோடு சேர்த்து அறுத்துத் தின்னப் பார்த்தாரே... எலியாசர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

எலியாசர், என் பிள்ளை. விமான நிலையச் சுங்கத்தில் வேலை, பெரிய இடத்துச் சரக்காக இருந்தாலும் திறந்து பார்க்காமல் விட மாட்டேன் என்றான், பஸ் நிறுத்தத்தில் சுட்டுப் போட்டார்கள். வழிப்பறி என்று எழுதி மூடிவிட்டது போலீஸ், கடிகாரமும் பர்ஸும் அப்படியே கிடந்த வழிப்பறி. ஆஸ்பத்திரியில் அவன் சட்டையை ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள், போலீஸ் அதைக் கேட்கக்கூட இல்லை. நான் துவைக்கவில்லை, தலையணைக்குள் வைத்திருந்தேன், இரத்தப் பக்கத்தை உள்ளே மடித்துவிட்டுக் காலரை மட்டும் முகர்ந்துகொள்வேன். அப்புறம்தான் இந்தக் கமிஷன் வந்தது, அரசாங்கத்துக்குக் கைகட்டாத வெளிநாட்டுக்காரர்கள், போலீஸ் மூடிய வழக்குகளைத் தோண்டுகிறவர்கள், வக்கீல் கேட்டார் என்று சட்டையைக் கொடுத்தேன். கைப்பகுதியில் இன்னொருவனுடைய இரத்தமும் இருக்கிறது, உங்கள் பையன் சும்மா சாகவில்லை, சண்டை போட்டிருக்கிறான் என்று வந்து சொன்னார். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை, எவ்வளவு அழுகை... அந்த இன்னொருவன் போலீஸ்காரனாக இருக்கலாம் என்பதை மட்டும் மெல்லச் சொன்னார்.

கமிஷனை மூடினால் அவர்கள் சாட்சிப் பொருள்களை வைத்திருக்கிற பெட்டிகள் எங்கே போகும்? அதே போலீஸுக்கு. இது தெரிந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை, அவன் சட்டை அவர்கள் கையிலா, ஒரு தீக்குச்சி போதாதா? போன சனிக்கிழமை வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மூடுனா, சட்டைய அவங்ககிட்ட விட்டுடாதீங்க சாமி. எங்கிட்டயே குடுத்துடுங்க."

அதெல்லாம் முடியாது என்றுதான் தலையாட்டினார், சாட்சிப் பொருள், சட்டம் என்று ஏதோ ஆரம்பித்தார், அப்புறம் கையிலிருந்த தமாலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்படி ஒரு நாள் வந்தா, நானே கொண்டாந்து தர்றேம்மா."

அதைக் கேட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேனே, மடச்சி. வாரம் முழுக்க மாதாவிடம் அதைத்தானே கேட்டேன், சட்டை வீட்டுக்கு வரட்டும், வீட்டுக்கு வரட்டும் என்று. இப்போது விளக்கைப் போட்டுவிட்டேன், ரேடியோவில் தேசியகீதம் முடிகிறது, பேச்சு இன்னும் தொடங்கவில்லை, அதற்குள் வண்டிக் கதவு சாத்துகிற சத்தம், வக்கீலின் நடைதான். இத்தனை சீக்கிரம் வந்ததில்லையே. எப்போதும் வெறுங்கையோடுதான் வருவார், நின்றபடியே இரண்டு சாப்பிடுவார்... சட்டை கமிஷனில் இருக்கிறவரைக்கும் என் பிள்ளை வாயைத் திறந்து பேசுகிறான், என் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் அது வெறும் துணி, நான் முகர்ந்து பார்த்து அழுகிற துணி, எந்தக் கோர்ட்டும் அதைத் தொடாது. இதையா கேட்டேன், மாதாவே? தகரக் கதவுக்கு மேலே அவர் முகம் தெரிகிறது, சிவப்பு வெளிச்சத்தில் சிரிக்கப் பார்க்கிறார். கைகள் கதவுக்கு அந்தப் பக்கம், என்ன வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறேன், திறக்கவில்லை.