கிடோங்கா ஏற்றத்துக்கு முன்னால்

ஜூலை 14, செவ்வாய்.

நேற்றுக் காலை ஒரு தவறு செய்துவிட்டேன். லாரியின் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று அண்ணியிடம் சொன்னேன். போகவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ராடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை வந்தது. இரண்டையும் சேர்த்து முடிவு கட்டிவிட்டேன். மாலை மெக்கானிக் வகுப்பில் ஆசிரியர் கேட்டது ஒரே கேள்விதான்: என்ஜின் சூடான பிறகும் புகை வந்ததா? நான் காத்திருந்து பார்க்கவில்லை. இந்த இரிங்கா மலைமேட்டின் ஜூலைக் குளிரில் எந்த வண்டியும் காலையில் வெள்ளையாகத்தான் புகைவிடும்.

அதற்குள் யுஸ்டினா அண்ணி, கேஸ்கெட் மாற்றும் செலவு தாங்காது என்று, பழைய இரும்பு வாங்குபவரை வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டாள். ஃபெஸ்டோ அண்ணன் காய்ச்சலில் இறந்து ஒரு மாதம் ஆகிறது. அவளுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த லாரிதான் பிழைப்பு. எடைக்குப் போட்டுவிட்டால் பிறகு ஒன்றும் இல்லை.

இதைப் பற்றி எனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுத முயன்றேன். ஒன்றும் வரவில்லை. செய்ததை எழுதுகிறேன்.

இன்று காலை என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ராடியேட்டர் மூடியைத் திறந்து, கேஸ்கெட் போனதற்கான அடையாளங்களைத் தேடினேன். தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. ஆயில் குச்சியில் பால் நிறம் இல்லை. மூடியில்லாமல் ஓடவிட்டேன், குமிழிகள் வரவில்லை. சூடானதும் புகை நின்றுவிட்டது. எல்லாவற்றையும் இன்னொரு முறை பார்த்தேன். என் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பிறகு ராடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். மேல்பாதி கொதித்தது, கீழ்ப்பாதி சில்லென்று இருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

அண்ணனுக்குப் பிறகு ஓட்ட வந்திருக்கும் லாமெக், டீ டம்ளரோடு வந்து நின்றான். மெக்கானிக்கை இங்கே ஃபுண்டி என்பார்கள்.

"என்ன ஃபுண்டியம்மா, வண்டிக்கு நாடி பாக்கறியா?"

"அடைச்சிருக்கு."

"அடைப்பா? அதை விடு. ஏத்தத்துல கொதிச்சா ஓடைத் தண்ணி ரெண்டு குடம் ஊத்தினா சரியாப் போயிடும்."

"கொதிக்கிற என்ஜின்ல பச்சைத் தண்ணி ஊத்தினா ஹெட் வளைஞ்சிடும். அப்புறம் நிஜமாவே கேஸ்கெட் போயிடும்."

"கிடோங்கா ஏத்தத்துல எல்லாரும் ஊத்தறாங்க."

"அதனாலதான் ஏத்தத்துல பாதி வண்டி ஓரமா நிக்குது."

அவன் சிரித்தான். ஆனாலும் டம்ளரை வைத்துவிட்டு ராடியேட்டரைக் கழற்ற உதவினான்.

கீழிருந்து மேலாகத் தண்ணீரைப் பீய்ச்சினேன். முதலில் துரு வந்தது. பிறகு சாம்பல் நிறத்தில் களி களியாக ஏதோ வந்தது. லாமெக் ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தான்.

"அட, உகாலிக் களி! ஒழுகற ராடியேட்டருக்கு உங்கண்ணன் நல்லா ஊட்டியிருக்காரு."

ஓட்டையை அடைக்க இந்தச் சாலையில் சோள மாவு போடுவார்கள். ஒழுகல் நிற்கும். மாவு அங்கேயே நிற்காது, மெல்லிய குழாய்களுக்குள் போய் வெந்துவிடும்.

அண்ணி பாத்திரம் கழுவ வந்தவள் நின்றாள்.

"என்னடி இது?"

"மாவு, அண்ணி. அண்ணன் போட்டிருக்கார்."

அவள் குந்தி உட்கார்ந்து அந்தக் களியை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"டின்ல மாவு குறையுது, எவ வீட்டுக்குக் கொண்டு போறேன்னு கேட்டேன். கீழ வெங்காயம் ஏத்தற ஊர்ல யாரோ ஒருத்தி இருக்கான்னு நெனச்சேன். காய்ச்சல் வர்றதுக்கு முந்தின நாள்கூடக் கேட்டேன். வாயே தொறக்கல மனுஷன்."

"சொல்லியிருந்தா வண்டி ஒழுகுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுமே அக்கா," என்றான் லாமெக். "அன்னைக்கே விக்கச் சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்," என்றாள். கையைக் கழுவிவிட்டுப் பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் மறுபடியும் தண்ணீரைப் பீய்ச்சினேன். தெளிவாக வரும்வரை.

களி போனதும் ஓட்டை தெரிந்தது, ஓரத் தையலில். தெருமுனையில் ஈயம் பற்றவைப்பவர் அதை அடைத்துக் கொடுத்தார். மூடியின் ரப்பர் கிழிந்திருந்தது, மூடியை மாற்றினேன். என்ஜின் சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் வெப்ப வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அது குளிர் நாட்டுக்காரர்களுக்குத்தான் என்று இங்கே எல்லா டிரைவர்களும் கழற்றிவிடுவார்கள். அண்ணன் தூக்கிப் போடவில்லை. கருவிப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தார். இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, அண்ணியின் பழைய சட்டியில் தண்ணீரை அடுப்பில் வைத்து அதைப் போட்டேன்.

"இன்னைக்கு ராத்திரி இதான் கறியா?" என்றான் லாமெக்.

தண்ணீர் சூடாகச் சூடாக வால்வு மெல்லத் திறந்தது. அண்ணியும் எட்டிப் பார்த்தாள்.

"நேத்து போச்சுன்ன. இன்னைக்குப் போகலங்கற. எதை நம்பறது?"

"தெரியல அண்ணி. ஏத்தத்துல ஏறினாத்தான் தெரியும்."

அவள் சட்டியை இறக்கினாள். "நாளைக்குக் கீழ போய் வெங்காயம் ஏத்திட்டு வாங்க. கொதிக்காம ஏறிட்டா இரும்புக்காரனை வர வேண்டாம்னு சொல்லிடறேன். கொதிச்சா வியாழக்கிழமை கொடுத்துடுவோம்."

வால்வையும் ராடியேட்டரையும் பொருத்திவிட்டேன். சுத்தமான தண்ணீரும் துருத் தடுப்புத் திரவமும் கலந்து, காற்று வெளியேற நேரம் கொடுத்து, மெதுவாக நிரப்பினேன். முற்றத்தில் அந்த மாவு காய்ந்து வெள்ளையாகக் கிடக்கிறது. யாரும் பெருக்கவில்லை. நானும் பெருக்கவில்லை.

நாளை: கிளம்புமுன் குளிர்ந்த என்ஜினில் நீர்மட்டம் பார்க்க வேண்டும். குழாய்ப் பட்டைகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். கிடோங்காவில் வெப்பமானி முள் ஏறினால் லாமெக்கை நிறுத்தச் சொல்ல வேண்டும். தானாக ஆறும்வரை அவனை மூடியைத் தொடவிடக் கூடாது.