ஆர்விலின் சேண வளையம்

ஆர்வில் துப்பாக்கியை மேஜைமேல் வைத்த விதத்தைப் பார்த்ததுமே டெல்மர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தான். துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருக்கிற அவனுக்குத் துப்பாக்கி வருவதும் போவதும் புதிதல்ல, அதை வைத்துத்தான் அவன் பிழைப்பே ஓடுகிறது. ஆனால் ஆர்வில் அதை இரண்டு கையாலும் பிடித்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினான். ஆர்வில் எந்த நாளிலும் ஒரு துப்பாக்கிக்கு இரண்டு கை கொடுத்த ஆள் இல்லை.

"இதுக்கு ஒரு சேண வளையம் மாட்டிக் குடு மச்சான்" என்றான்.

டெல்மர் சிரித்திருக்க வேண்டும். பழைய ஆர்விலாக இருந்திருந்தால் சிரித்திருப்பான். லீவரை இழுத்துச் சுடுகிற இந்த மாதிரித் துப்பாக்கிகளில், குதிரைக்காரர்களுக்கென்று செய்த குட்டை ரகத்துக்குத்தான் இடப்பக்கம் ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதில் தோல்வாரைக் கோத்து மறுமுனையைச் சேணத்தில் கட்டிவிட்டால், கை நழுவினாலும் துப்பாக்கி தரைக்குப் போகாது. இப்போதெல்லாம் அதை யாரும் மதிப்பதில்லை. வளையம் கலகலவென்று ஆடும். எல்க் மான் அந்தச் சத்தம் கேட்டு மலையின் மறுபக்கம் போய்விடும். வளையம் வைத்த துப்பாக்கியோடு யாராவது வேட்டைக்கு வந்தால், மாட்டுக்கு மணி கட்டிக் கூட்டிவந்திருக்கிறாயா என்று கேட்டு மானத்தை வாங்குகிறவன் இந்த ஆர்வில்தான். அவனுடையது வளையமில்லாத நீளத் துப்பாக்கி. அப்படி இருப்பதில் அவனுக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

அவன் வந்து வளையம் கேட்கிறான். ஏன் என்று டெல்மர் கேட்கவில்லை. அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆர்விலின் வலதுகை நடுங்க ஆரம்பித்து வெகுநாளாகிவிட்டது. இப்போது இடதுகைக்கும் வந்துவிட்டது. அதற்கு அவன் வைத்த பெயர் குளிர். வயோமிங் மலைநாட்டில் குளிருக்குப் பஞ்சமில்லை, அதனால் குளிர்காலம் முழுக்க அந்தச் சாக்கு எடுபட்டது. நடுக்கோடையில் கல் வெடிக்கிற வெயிலிலும் அவன் குளிர் என்றான், ஆமாம் காற்று ஒரு மாதிரி இருக்கிறது என்று எல்லாரும் ஒத்துப்பாடினார்கள். காப்பிக்கடையில் அவன் கோப்பையை மட்டும் பாதிதான் நிரப்புவார்கள். கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடுகிற நாளில், கயிறு வீசிப் பிடிக்கிற வேலை அவனிடமிருந்து சத்தமில்லாமல் வேறொருவனிடம் போனது. ஆர்வில் பட்டிக் கதவைத் திறந்து மூடுகிறவன் ஆனான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத்தான் அந்த ஊரில் மரியாதை என்பார்கள்.

போன இலையுதிர் காலத்தில் குதிரைமேல் இருந்தபடி உறையிலிருந்து துப்பாக்கியை உருவும்போது அது கை நழுவிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. இறங்கித் தேடி எடுத்துவர அவனுக்கு அன்று முழுக்கப் போயிற்று. இதையும் ஆர்வில் சொல்லவில்லை, அவன் மனைவி வெர்னா சொல்லித்தான் தெரியும். வெர்னா டெல்மரின் தங்கை.

ஆர்வில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போன மறுநாளே வெர்னா கடைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு நின்றுகொண்டே பேசினாள். பனி உருகியதும் மாடுகளை மலைக்கு ஓட்ட வேண்டும். கோடை முழுவதும் யாராவது ஒருவர் மேலேயே ஒற்றை அறைக் குடிசையில் தங்கி, குதிரையில் சுற்றி அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒருவர் ஆர்வில்தான். இந்த வருஷம் அவனே ஒரு கணக்குப் போட்டிருக்கிறானாம். கரடி நடமாடுகிற இடத்துக்குத் துப்பாக்கி இல்லாமல் போகமுடியாது. கையில் நிற்காத துப்பாக்கி இருந்தும் பயனில்லை. வளையம் மாட்டினால் போகிறேன், இல்லாவிட்டால் கூலிக்கு ஒரு ஆளை அனுப்புகிறேன் என்று சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்கிறான்.

"முடியாதுன்னு சொல்லிடுண்ணே" என்றாள்.

இது சாதாரண வேலை என்பது அவனுக்குத் தெரியாதா, என்னவென்று சொல்லி மறுப்பது என்று டெல்மர் கேட்டான். அதற்கும் அவள் யோசித்து வைத்திருந்தாள்.

"இரும்பு ரொம்பக் கெட்டி, ஓட்டை போட்டா விரிசல் விட்டுரும்னு சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டாரு. டாக்டர் சொன்னதையே நம்பல. துப்பாக்கின்னு வந்துட்டா நீ சொல்றது அவருக்கு வேதம்."

"நீயே போகவேணாம்னு சொல்லிப் பாரேன்."

வெர்னா அவனை விவரம் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "சொல்றேன்னு வச்சுக்க. சரிம்மான்னு தலையாட்டுவாரு. விடிஞ்சு பார்த்தா குதிரையும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டாரு. அங்க குதிரைலேருந்து விழுந்தா யாருண்ணே பார்ப்பா? ஆள் போய்ச் சேர்ந்து எத்தனை நாள் கழிச்சு எனக்குத் தெரியும்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட டெல்மரால் தாங்கியிருக்க முடியும்.

துப்பாக்கி விஷயத்தில் டெல்மர் யாரிடமும் பொய் சொன்னதில்லை. கடையில் அவனுக்கிருந்த ஒரே கௌரவம் அது. அதனால் முதலில் சாக்குச் சொல்லி நாளைக் கடத்தினான். மரை வெட்டுகிற கருவி முனை மழுங்கிவிட்டது என்றான், சரியான அளவில் வளையம் வரவில்லை என்றான். வளையம் அவன் இழுப்பறையிலேயே கிடந்தது. ஆர்வில் அவசரப்படுத்தவில்லை. தினமும் காலையில் வந்து அடுப்போரம் உட்கார்ந்து, கோப்பையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மழை வருமா, சந்தையில் கன்று என்ன விலை போகிறது என்று பேசுவான். பேச்சு முடிந்ததும் மேஜைமேல் கிடக்கும் துப்பாக்கியை ஒருதரம் பார்ப்பான், எழுந்து போவான். அந்தப் பார்வைக்கு முன்னால் டெல்மரால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மாட்டிக்கொடுத்தால் தங்கை வாழ்க்கை, மாட்டாவிட்டால் இவன் வாழ்க்கை. இதில் துப்பாக்கி ரிப்பேர்காரன் என்ன செய்வான்?

கடைசியில் ஒருநாள், முகத்தைப் பார்க்காமல், வெர்னா சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான். இந்தக் காலத்து இரும்பு வேறு, உன் துப்பாக்கி வேறு, ரொம்பக் கெட்டி, டிரில் வைத்தால் விரிசல் விடும் என்றான்.

ஆர்வில் துப்பாக்கியின் இரும்பை விரலால் தடவினான். "அப்படியா" என்றான். "இத்தனை வருஷமா கூடவே வச்சிருந்தேன், எனக்குத் தெரியாமப் போச்சே." பிறகு அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். டெல்மர் போய்க் கதவைத் திறந்துவிட்டான்.

அந்த வாரம் வெர்னா தொலைபேசியில் கூப்பிட்டபோது குரலே மாறியிருந்தது. அவர் மலைக்கு அனுப்ப ஆள் தேடுகிறார் அண்ணே, பக்கத்துப் பண்ணையில் ஒருவன் வருகிறேன் என்கிறானாம் என்றாள். மாவு பிசைந்துகொண்டே பேசினாள். நடுநடுவே ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தாள். டெல்மருக்கும் சாப்பாடு இறங்கியது. பொய்தான், ஆனாலும் ஒரு உயிரைக் காப்பாற்றிய பொய் என்று சமாதானம் செய்துகொண்டான்.

அண்ணனும் தங்கையும் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேலி சாய்ந்தாலும், பம்பு நின்றாலும், பசு கன்று போட முடியாமல் தவித்தாலும் அங்கே யாரும் யாரையும் கூப்பிடமாட்டார்கள். சட்டைக்கையை மடித்துவிட்டுத் தானே இறங்கிவிடுவார்கள். இதைச் செய்யமுடியாது என்று ஒரு ஆள் சொன்னால், சரி நான் செய்துகொள்கிறேன் என்றுதான் காதில் விழும். ஊரில் எல்லாரும் அப்படி, டெல்மரே அப்படி. அதை ஆர்வில் விஷயத்தில் இருவருமே மறந்து தொலைத்தார்கள்.

அடுத்து வெர்னா கூப்பிட்டபோது அவள் குரலில் பாட்டு இல்லை. "நாங்க கடைக்கு வர்றோம்ணே" என்றாள், அவ்வளவுதான்.

ஆர்வில் மட்டும் உள்ளே வந்தான். தீவனச் சாக்கில் சுற்றியிருந்ததை மேஜைமேல் வைத்தான். கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. டெல்மர் சாக்கைப் பிரித்துத் துப்பாக்கியை வெளிச்சத்தில் பிடித்தான்.

அவனுக்கு யாரும் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரும்பின் இடப்பக்கம் முழுக்கக் கீறல். டிரில் முனை இங்கே நழுவி அங்கே ஓடியிருக்கிறது. திரும்பவும் வைத்திருக்கிறான், திரும்பவும் ஓடியிருக்கிறது. முதலில் உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டை போட வேண்டும் என்பது ஆர்விலுக்கு நன்றாகவே தெரியும். திருகாணிகளின் தலைகள் சிதைந்திருந்தன. ஸ்க்ரூடிரைவர் தலையிலிருக்கும் அந்தச் சின்னப் பிளவில் நிற்காமல் துள்ளித் துள்ளி, கடைசியில் போதும் என்று விட்டிருக்கிறான். கழற்ற முடியாததால் எல்லாம் உள்ளே இருக்கும்போதே டிரில்லை அழுத்தியிருக்கிறான். அது கோணலாக இறங்கி, உள்ளே முன்னும் பின்னும் ஓடுகிற போல்ட்டையும் குடைந்துவிட்டது. டெல்மர் லீவரை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

"வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்குச்சு மச்சான்" என்றான் ஆர்வில். "கெட்டியாவே இல்ல."

டெல்மர் கந்தைத்துணி ஒன்றை எடுத்துக் கையைத் துடைத்தான். கையில் அழுக்கு எதுவும் இல்லை.

"வெர்னா சொல்லச் சொன்னாளா?"

டெல்மர் துணியை மடித்து வைத்தான்.

"சொல்லியிருப்பா. அவ மேல தப்பில்ல" என்ற ஆர்வில், "நீ என்கிட்ட கையக் காட்டிச் சொல்லியிருக்கலாம். ஆர்வில், உனக்கு முடியலடான்னு. நீ சொன்னா நம்பியிருப்பேன்" என்றான்.

அதுதான் டெல்மரை அறைந்தது. ஊரே குளிர் என்று ஒத்துப்பாடியபோது அவனும்தான் சேர்ந்து பாடினான். கையைப் பற்றி உண்மை சொல்வதைவிட இரும்பைப் பற்றிப் பொய் சொல்வது சுலபமாக இருந்தது. இப்போது எதையாவது சரிசெய்துவிட வேண்டும் என்ற வெறியில் கடகடவென்று பேசினான். வேறு போல்ட் கிடைக்கும் மாப்ள, நான் தேடிப் பிடிக்கிறேன், ஓட்டையை அடைத்து இழைத்துவிட்டு வேறு இடத்தில் நேராகப் போட்டுவிடலாம், பழையபடி ஆகிவிடும் என்றான்.

"போல்ட்டுக்கு வேற போல்ட் கிடைக்கும்" என்றான் ஆர்வில். பிறகு வலதுகையை மேஜைமேல் எடுத்து வைத்தான். அதுவரை அந்தக் கையை அவன் சட்டைப்பையில் வைத்திருப்பான், முழங்காலுக்கடியில் வைத்திருப்பான், தொப்பிக்குள் மறைத்திருப்பான். யார் முன்னாலும் இப்படிப் பரப்பி வைத்ததில்லை. மரப்பலகைமேல் விரல்கள் தாமாகத் தட்டிக்கொண்டே இருந்தன. டெல்மருக்கு அந்தக் கையை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அந்த ஊரில் ஆம்பளைகள் அப்படிச் செய்வதில்லை. அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வளையத்தை மாட்டு. அந்த ஓட்டையிலேயே மாட்டு" என்றான் ஆர்வில். "சுவத்துல தொங்க விடவாவது ஆகும்."

டெல்மர் வேலையில் இறங்கினான். சிதைந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். கோணல் ஓட்டையை முடிந்தவரை நிமிர்த்தி, மரை வெட்டி, சுற்றிலும் இருந்த கீறலைத் தேய்த்தான். வளையம் கோத்த குமிழ் ஆணியை இழுப்பறையிலிருந்து எடுத்தான். இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்தது என்பதை ஆர்வில் பார்த்தான். ஊற்றி வைத்த காப்பி ஆறுவதற்குள் முடிந்துபோகிற வேலை. வந்த அன்றே செய்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோலச் செய்திருக்கலாம். இனி சுடாத துப்பாக்கியில் அவன் எந்தத் துப்பாக்கிக்கும் காட்டாத கவனத்தைக் காட்டினான். கண் கலங்கியபோது குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான்.

முடித்துவிட்டு எடுத்துக் கொடுத்தான். ஆர்வில் வாங்கியதுமே வளையம் ஆட ஆரம்பித்தது. கலகலவென்று இரும்பில் தட்டியது. ஆர்வில் அடுத்த கையையும் கொடுத்து இறுக்கிப் பிடித்தான், சத்தம் கூடியது. தோளில் சாய்த்துப் பார்த்தான், நெஞ்சோடு அணைத்துப் பார்த்தான். அது நிற்கவே இல்லை.

"மாட்டுக்கு மணி கட்டின மாதிரி இல்ல?" என்று ஆர்வில் சிரித்தான். அவன் பழைய கேலிதான். டெல்மரால் கூடச் சிரிக்க முடியவில்லை.

வேட்டைக்காரர்கள் செய்வது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒரு மெல்லிய தோல்வாரை எடுத்து, துப்பாக்கி ஆர்விலின் கையில் இருக்கும்போதே, வளையத்தைச் சுற்றிச் சுற்றி வரிந்து கட்டினான். வளையம் இரும்போடு ஒட்டிக்கொண்டது, சத்தம் நின்றது. துப்பாக்கி மட்டும் ஆர்விலின் கைகளில் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

வெளியே வண்டியில் வெர்னா உட்கார்ந்திருந்தாள், ஓட்டுகிற இருக்கையில். ஆர்வில் பழக்கதோஷத்தில் அந்தப் பக்கமே போய்க் கதவில் கைவைத்தான். பிறகு கையை எடுத்துவிட்டு வண்டியைச் சுற்றி மெதுவாக மறுபக்கம் போனான். அவளை ஓட்டவிட்டு அவன் மறுபக்கம் ஏறியதை டெல்மர் இதற்குமுன் பார்த்ததில்லை. கண்ணாடி வழியே வெர்னா அண்ணனைப் பார்த்தாள். ஆர்வில் இனி மலைக்குப் போகமாட்டான். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அவள் கை ஸ்டியரிங்கைவிட்டு எழவில்லை. டெல்மரும் கை அசைக்கவில்லை.