விமானத்தை இறக்கக் கூடாது

யுத்த காலத்தில் கொக்கேந்தல் விமானதளத்திலிருந்து கிளம்பிய விமானம் இன்னும் தரையிறங்கவில்லை. ஊருக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. கொக்கேந்தல்காரர்களுக்கு இதில் ஒரு குறையும் இல்லை. அதன் நிழல் வந்தால் வற்றலை எடுத்து வைப்பார்கள். நிழல் போனதும் மறுபடி காயப் போடுவார்கள்.

அந்தத் தளத்தின் யுத்தகால வரலாற்றை எழுதி டாக்டர் பட்டம் வாங்க வந்தவள் நாச்சம்மை. ஓடுதளத்தில் எருமைகள் படுத்திருந்தன. கட்டுப்பாட்டு அறையில் ஒரு ரேடியோ மட்டும் மிச்சமிருந்தது. குமிழைத் திருகினாள்.

"கொக்கேந்தல், கொக்கேந்தல். எறங்கலாமா?" என்றது ஓர் ஆண் குரல்.

"நீங்க யாரு?"

"பைலட் சவரிராயன். உத்தரவு கேட்டிருந்தேன். இருங்கன்னாங்க. இருக்கேன்."

குரலில் வயது ஏறவே இல்லை. ஆகாயத்தில் கழியும் காலம் வயதில் சேராது.

"யுத்தம் முடிஞ்சிருச்சுங்க."

"அப்படியா? யாரு ஜெயிச்சா?"

அந்த அத்தியாயத்தை அவள் இன்னும் எழுதியிருக்கவில்லை.

"அக்கா, நான் கெளம்புறப்ப எம் பொஞ்சாதி மாசமா இருந்தா. என்ன பிள்ளைன்னு பார்த்துட்டாவது வந்துர்றேனே."

நாச்சம்மை நோட்டை மூடி வைத்தாள். ஆராய்ச்சியாவது பட்டமாவது. இந்த மனுஷனை எப்படியாவது தரைக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உத்தரவு தரவேண்டிய ராணுவ அலுவலகம் எப்போதோ மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. போகிற அவசரத்தில் கோப்புகளைத் தலைப்பு பார்த்து உள்ளூர் அலுவலகங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். சவரிராயன் உத்தரவு கேட்ட கோப்பின் தலைப்பு 'விமானம்'. அது நேராகக் கோயில் அலுவலகத்துக்குப் போனது. கர்ப்பகிருகத்துக்கு மேலே இருப்பதும் விமானம்தானே. பிரித்தவருக்குத் தமிழ் நன்றாகவே தெரிந்திருக்கிறது, குற்றம் சொல்ல முடியாது.

கோயில் அலுவலகத்தின் தாழ்வாரம் நடக்க நடக்க நீண்டது. நடுவில் ஒரு டீக்கடை இருந்தது. குடித்துவிட்டு நடந்தாள். கோடியில் நிர்வாக அதிகாரி தணிகாசலம் உட்கார்ந்திருந்தார்.

"விமானத்தை எறக்கணும் சார்."

தணிகாசலம் காதைப் பொத்திக்கொண்டார். "என்ன பேச்சும்மா இது? விமானத்தை யாராச்சும் எறக்குவாங்களா? ஊருக்கு ஆகாது."

"உள்ள ஒரு ஆளு இருக்காரு சார்."

"புறாவா இருக்கும். வலை போட்டுரலாம்."

"வீட்டுக்குப் போகணும்ங்கறாரு சார்."

"கும்பாபிஷேகம் வேணும்னா பண்ணித் தர்றேன். நீங்க இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கீங்க."

சொன்னதைச் செய்தார். அரசு அலுவலகத்தில் இது நடக்கிற காரியமல்ல, பாராட்டத்தான் வேண்டும். ஓடுதளத்தில் சாரம் கட்டினார்கள். சாரம் உயர உயர விமானமும் உயர்ந்தது. பாதியில் நிறுத்திவிட்டு, பக்திதான் முக்கியம் என்று முடிவு செய்தார்கள். எருமைகளுக்கும் பொட்டு வைத்தார்கள்.

நாச்சம்மை ரேடியோவும் கையுமாக நடுவில் நின்றாள். விமானம் அவள் உச்சந்தலைக்கு நேர் மேலே வட்டமிட்டது. குருக்கள் அண்ணாந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"விமானத்துக்கு நேர் கீழே யார் இருக்காளோ, அவாதான் மூலவர்."

தணிகாசலம் செருப்பைக் கழற்றிவிட்டார். நாச்சம்மை பதறிப்போய் நகரப் பார்த்தாள்.

"மூலவர் நகரப்படாது. நகர்றதுக்கு உற்சவர்னு தனியா இருக்கார்" என்றார் குருக்கள்.

சிலையைப் பீடத்தோடு ஒட்டுகிற மருந்தை அவள் பாதத்தைச் சுற்றி அப்பினார்கள். தரமான மருந்து. உடனே இறுகிவிட்டது.

ரேடியோ கரகரத்தது. "கொக்கேந்தல், எண்ணெய் தீரப்போவுது. சொல்லுங்கக்கா, எறங்கலாமா?"

இனி யாரைக் கேட்பது? மூலவருக்கு மேலே ஓர் அதிகாரி இல்லை.

"எறங்குங்க!" என்று கத்தினாள். உடம்பெல்லாம் ஆடியது. "நான் சொல்றேன், எறங்குங்க!"

முன்னால் நின்ற ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தாடி, எறங்கிருச்சு! சாமி எறங்கிருச்சு!"

"எறங்கிருச்சு! எறங்கிருச்சு!" ஊரே கும்பிட்டுக்கொண்டு கூவியது. குலவை வானத்தை எட்டியது.

"எறங்கிருச்சா?" என்றார் சவரிராயன். "எனக்கு ஒண்ணுமே தெரியலியேக்கா. அம்புட்டு பதமா எறங்கியிருக்கு."

எஞ்சின் சத்தம் நின்றது. கட்டியிருந்த வாரை அவிழ்க்கும் ஓசை ரேடியோவில் கேட்டது. அடுத்துத் தாழ்ப்பாள்.

"தொறக்காதீங்க! அய்யோ, கதவைத் தொறக்காதீங்க!" நாச்சம்மை அலறினாள். காலைப் பிய்த்துக்கொண்டு ஓடப் பார்த்தாள், முடியவில்லை.

நல்ல நேரத்தில் அபசகுனமாக எதுவும் காதில் விழக் கூடாது. தணிகாசலம் மேளக்காரர்களைப் பார்த்து வேகமாக விரலை ஆட்டினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"