நிக்கலை விட்டு எடுத்த பிறகும்

“நிக்கலை விட்டு எடுத்த பெறகும் அதுக்கு நிக்கலுக்க ஓர்ம இருக்குமாட்டி?”

பிரிஜா அக்கா இப்படிக் கேட்டபோது நான் கண்ணாடித் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். தலை நிமிராமல் கழுவினேன். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்துதான் பதினொன்றாம் வகுப்போடு படிப்பை விட்டேன். நாகர்கோவிலுக்கு வெளியே ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் தட்டுகளைக் கழுவித் துடைப்பது இப்போது என் வேலை. அக்கா அங்கே பி.எச்டி. செய்கிறார். வேறு ஆளில்லாததால் என்னிடம் பேசுவார்.

அவர் கேட்டது கிராஃபீனின் ஞாபகத்தைப் பற்றி. ஒரே ஒரு அணு கனமுள்ள கரித்தாள்தான் கிராஃபீன். எலக்ட்ரானுக்கு ஸ்பின் என்று ஒரு குணம் உண்டாம். இந்தத் தாளில் பாதி மேல்நோக்கியும் பாதி கீழ்நோக்கியும் இருந்து ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். அதனால் தாளுக்குக் காந்தத் தன்மை இல்லை. ஆனால் நிக்கல் போன்ற காந்த உலோகத்தின்மேல் படியவைத்தால், கீழே உள்ளதன் சாய்வு மேலே ஏறிவிடும். தவக்காலத்தில் எங்கள் மாதா கோயில் சொரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள். துணிக்குத் தலையும் தோளும் வந்துவிடும். அப்படித்தான் என்று நோட்டில் எழுதிவைத்தேன்.

துணியை எடுத்துவிட்டால் அது வெறும் துணி. தாளும் அப்படித்தான் ஆகவேண்டும். அக்கா நிக்கலை அமிலத்தில் கரைப்பார். மிஞ்சிய தாளை என் தட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ஒரு கண்ணாடிச் சில்லில் ஏந்தி, காந்தத் தன்மையை அளக்கும் கருவியின் இரண்டு பெரிய காந்தங்களுக்கு நடுவே இறக்குவார். நிக்கலின் காந்தம் போயிருந்தால் திரையில் நேர்கோடு வரவேண்டும். வந்த கோடோ வளைந்து, வாய் திறந்து, கண்ணிபோல மூடியது. மூன்று முறை தாள் மாற்றினார். மூன்று முறையும் கண்ணி. நிக்கல் துளிகூட மிச்சமில்லை என்பதையும் சோதித்துவிட்டார்.

தாள் மறக்கவில்லை என்றார் அக்கா. ஐந்து வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே கண்டுபிடிப்பு. வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பிவிடலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் கருவியின் அடியில் துடைக்கக் குனிந்தேன். என் கழுத்தில் கிடந்த துணி முடிப்பு எழுந்தது.

என் அப்பா ஆன்ட்ரூஸ் ஆறு வருடத்துக்கு முன் மணவாளக்குறிச்சிக் கரையிலிருந்து வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். உடல்கூடத் திரும்பவில்லை. அவர் கடைசியாகக் கால் வைத்த இடத்து மணலை அம்மா அள்ளி, அவருடைய சட்டைத் துணியில் முடிப்பாகத் தைத்து என் கழுத்தில் போட்டார். குளிக்கப் போகும்போது, “அப்பாவ நனைக்காத மக்கா” என்பார்.

மின்விசிறி ஓடவில்லை. முடிப்பு நெஞ்சை விட்டு விலகி, நூல் விறைக்க, காந்தத்தை நோக்கி நின்றது. பின்னால் நகர்ந்தேன், விழுந்தது. நெருங்கினேன், எழுந்தது. மெதுவாக, “அப்பா” என்றேன். அசைந்ததுபோல் இருந்தது. மறுநாளும் அக்கா சாப்பிடப் போன நேரத்தில் கருவிக்கு முன்னால் போய் நின்றேன்.

வியாழக்கிழமை, துடைத்து வைத்த தட்டில் கறுப்பாகப் பொடி கிடந்தது. முடிப்பைப் பார்த்தேன். தையல் எப்போதோ பிரிந்து, பாதி மணல் காணவில்லை. சின்ன வயதில் நாங்கள் எல்லோரும் ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கரையில் இழுத்தவர்கள்தான். எங்கள் கறுப்பு மணல் அதில் மீசைபோல ஒட்டும். தெரிந்த விஷயம். கழுத்தில் கிடந்ததை மணல் என்று நான் நினைத்ததே இல்லை.

திரையில் வந்த கண்ணி இந்த மணலுடையது என்று சொன்னால் அக்காவின் கண்டுபிடிப்பு போய்விடும். எனக்கு அப்பா போய்விடுவார். அன்று முடிப்பை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா கட்டுரையைக் கடைசியாக ஒருமுறை படித்துக்கொண்டிருந்தார். முடிப்பைக் கழற்றி மேசையில் வைத்தேன். அங்கே கிடந்த சின்னக் காந்தத்தை நோக்கி அது தானாக ஊர்ந்து போய் ஒட்டியது.

“இது என்னதுட்டி?”

“அப்பா,” என்றேன். பிறகு, “மணலாக்கும் அக்கா. தட்டுல விழுந்திருக்கு.”

அக்கா என்னைத் திட்டவில்லை. முடிப்பை வெளியே வராந்தா ஆணியில் மாட்டச் சொன்னார். புதுத் தட்டு எடுத்து, அவரே கழுவி, புதுத் தாளை மிதக்கவிட்டார். சாயங்காலம்தான் அளக்க முடிந்தது. திரையில் புள்ளி புள்ளியாகக் கோடு வந்தது. நேராக.

“ஒரு ஓர்மயும் இல்ல,” என்றார். கட்டுரையை அழித்தார். கருவியை அணைத்தார். காந்தங்களின் இரைச்சல் அடங்கியது.

இருவரும் வராந்தாவுக்கு வந்தோம். காற்று இல்லை. ஆணியில் தொங்கிய முடிப்பு நேராகத் தொங்கவில்லை. நூல் விறைத்து, தெற்கே, கடல் இருக்கும் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அந்தப் பக்கத்தில் கருவியும் இல்லை, காந்தமும் இல்லை.

அக்கா விரலால் அதை நேராக்கினார். விட்டதும் திரும்பச் சாய்ந்தது.

அவர் என்னைப் பார்த்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.