ஸ்ரூடியோ வெள்ளை

தொண்ணூற்று நாலில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த சென் ஜேம்ஸ் ரவுணில், எங்கள் அப்பார்ட்மெண்டில் ஒரு தமிழ்ப் படத்தின் வீடியோ கொப்பி ஓடியது. அயலவர்களும் வந்திருந்தார்கள். படத்தில், கறுப்பென்று கணவன் ஒதுக்கிய மனைவி பட்டணம் போய், வெளுத்து, தலைமயிரை வெட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"நல்லாய் வேணும் அவனுக்கு," என்றார் பக்கத்து வீட்டு றெஜினா அன்ரி.

என் கணவர் வாகீசன் சிரித்தார். "சும்மா புளுகு. தன்ர மனிசியை ஒருத்தனுக்குத் தெரியாமல் போகுமே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோக்காரன் என் முகத்தை வெளுப்பாக்கிக் கொடுத்த படத்தைப் பார்த்துத்தான் இவர் கலியாணத்துக்குச் சம்மதித்தார். அந்தப் படம் இன்றும் ரீவிக்கு மேலே தொங்குகிறது. கலியாணப் படம் அலுமாரிக்குள் கிடக்கிறது.

"என்னைக் கூட்டிவர எயார்போட்டுக்கு வந்தனீங்கள், உந்தப் படத்தைக் கையில வச்சுக்கொண்டு ரெண்டு தரம் என்னைக் கடந்து போனியள்," என்றேன்.

அன்ரி நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உது நீரே, பிள்ளை? உம்மட தங்கச்சி எண்டெல்லோ நான் இவ்வளவு நாளும் நினைச்சன்."